புதுமுக அயல்நாட்டு மாணவரின் உடல்நலமும் பல்கலைக்கழகத்தின் கடனும்

கல்வியின்பொருட்டு நாடு கடந்து செல்லுதல் தமிழர்க்குப் புதியதன்று. ஆயின் இன்று அப்பயணத்தின் முதற்படி நூலகமும் அன்று. விரிவுரை மண்டபமும் அன்று. வைத்தியப் பரிசோதனைக் கூடமாகும். மார்பினைக் கதிர்ப்படம் எடுத்துக் காட்டியும், குருதியைச் சோதனைக்கு ஈந்தும், தடுப்பூசிப் பதிவுகளைச் சமர்ப்பித்தும், காப்புறுதிப் பணத்தைச் செலுத்தியுமே மாணவர் ஒருவர் வேற்றுநாட்டுப் பல்கலைக்கழகத்தின் வாயிலை அடைகிறார். இதனை வெறும் நிருவாக ஒழுங்கெனக் கொண்டு கடந்துவிடுதல் எளிது. எனினும் இதனுள் அறவியல் சார்ந்த வினாவொன்று பொதிந்துள்ளது. உடல்நலம் என்பது பல்கலைக்கழகத்துட் புகுவதற்குரிய நிபந்தனையா, அன்றிப் புகுந்தவர்க்குரிய உரிமையா? இரண்டும் ஒருங்கே இருத்தல் கூடுமாயின், அவற்றுள் எது மற்றதற்கு அடிப்படையாகும்? இவ்வினாவை வன்னிப் பெருநிலப்பரப்பை நிலைக்களனாகக் கொண்டு நோக்குதல் பயனுடைத்து.

வன்னியைத் தெரிவதற்குக் காரணம் உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களைத் தன்னகத்தே கொண்ட இந்நிலப்பரப்பு, நெடுங்காலம் மாணவரை வெளியே அனுப்பும் நிலமாகவே இருந்தது. இன்று அது மாணவரை வரவேற்கும் நிலமாகவும் மாறியுள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக 1997ஆம் ஆண்டில் உருப்பெற்ற வவுனியா வளாகம், 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் திகதி வவுனியாப் பல்கலைக்கழகம் என்னும் தனி நிறுவனமாயிற்று. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள் இயங்குகின்றன. இங்கு வரும் அயல்நாட்டவர் தொகை பெரிதன்று என்பது மெய்யே. ஆயின், மொழியும் சுற்றமும் நிலமும் வேறான தென்னிலங்கை மாணவர் பலர் இவ்விடங்களுக்கு வந்து பயில்கின்றனர். கடவுச்சீட்டு இல்லையென்பதைத் தவிர, நோயுற்ற வேளையில் அவர்களது நிலைக்கும் அயல்நாட்டு மாணவரது நிலைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆதலின் அனுப்பும் நிலம், ஏற்கும் நிலம் என்னும் இருநிலையிலும் நின்று இவ்வினாவைக் காணும் வாய்ப்பு வன்னிக்கு உண்டு.

முதலில் அனுப்பும் நிலத்தின் நிலையை நோக்குவோம். முல்லைத்தீவுக் கிராமமொன்றிலிருந்து இங்கிலாந்து சென்று ஆறு திங்களுக்கு மேற்பட்டுப் பயில விழையும் மாணவர், தமக்குக் காசநோய் இல்லையெனச் சான்று பெறுதல் வேண்டும். அச்சான்றின்பொருட்டு அவர் முந்நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தொலைவு பயணஞ் செய்து கொழும்பை அடைகிறார். அதன்மேல், தங்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் சுகாதார மேல்வரி செலுத்துதல் வேண்டும். 2015ஆம் ஆண்டு அவ்வரி விதிக்கப்பட்டபோது மாணவர்க்கு 150 பவுணாக இருந்தது. 2024ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் 776 பவுணாக உயர்த்தப்பட்டது. அவுஸ்திரேலியாவுக்குச் செல்வோர், தாம் தங்கும் காலம் முழுமைக்கும் வெளிநாட்டு மாணவர்க்குரிய சுகாதாரக் காப்புறுதியைப் பெற்றிருத்தல் வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, சின்னமுத்து முதலிய நோய்கட்குத் தடுப்பூசி ஏற்றியமைக்குப் பதிவு கேட்கின்றன. போரினால் பலமுறை இடம்பெயர்ந்த குடும்பத்திற் பிறந்த ஒருவர்க்குக் குழந்தைப் பருவத்துத் தடுப்பூசி அட்டையைத் தேடியெடுத்தல் எத்துணை அரிதென்பதை அந்நிறுவனங்களின் படிவங்கள் அறியமாட்டா. வீடே எஞ்சாதவிடத்து அட்டை எஞ்சுவது எங்ஙனம்?

இவற்றை அநீதியென ஒருசேரக் கூறிவிடுதல் பொருந்தாது. ஏற்கும் நிலத்தின் பக்கம் நின்று நோக்குமிடத்து, பரிசோதனைக்கு வலுவான நியாயம் ஒன்று தோன்றுகிறது. அந்நியாயத்தை மலேரியாவின் வரலாற்றைக் காட்டிலும் தெளிவாக உணர்த்துவது பிறிதொன்றில்லை. 1934–35ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ எண்பதாயிரம் உயிர்களைக் கொண்டது. வன்னி போன்ற உலர்வலயப் பகுதிகளிலோ அந்நோய் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தது. குளங்கள் தூர்ந்து, ஊர்கள் அருகிக் காடு மேலிட்டமைக்கு அதுவும் ஒரு காரணமாகும். பூச்சிகொல்லித் தெளிப்பின் பயனாக 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதினேழு நோயாளரே பதிவாயினர். வெற்றி கைகூடியதெனக் கருதி விழிப்புத் தளர்ந்தது. 1969ஆம் ஆண்டில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. மீண்டும் பல்லாண்டு முயன்று, உள்நாட்டிலே தொற்றிய இறுதி நோயாளர் 2012ஆம் ஆண்டிற் பதிவான பின்னர், 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார தாபனம் இலங்கைக்குச் சான்றளித்தது.

ஆயின் நுளம்பு ஒழிந்துவிடவில்லை, ஒழிந்தது நோய்க்கிருமியே. வெளிநாட்டிலிருந்து வருபவர் ஒருவரின் குருதியில் அக்கிருமி இருக்குமாயின், உள்ளூர் நுளம்பு அதனை அடுத்தவர்க்குக் கொண்டுசெல்லும். 2018ஆம் ஆண்டில் மொனராகலை மாவட்டத்தில் அவ்வாறே நிகழ்ந்தது. இத்தகைய ஆபத்தை முன்னிட்டே, வதிவிட வீசா வேண்டும் அயல்நாட்டவரை மலேரியா, யானைக்கால் நோய், காசநோய், எச்.ஐ.வி. தொற்று ஆகிய நான்கினுக்கும் பரிசோதிக்கும் திட்டமொன்றைச் சுகாதார அமைச்சு புலம்பெயர்வுக்கான சர்வதேச நிறுவனத்தின் துணையுடன் ஏற்படுத்தியது. குளக்கட்டின் கீழே குடியிருந்து, ஒரு தலைமுறைக் காலம் காய்ச்சலுக்கு மக்களைப் பறிகொடுத்த சமூகம், வருபவரை நோக்கி ‘உமது உடலில் அந்நோய் உண்டா?’ என வினவுதல் தவறாகாது. அது தற்காப்பு; பகைமையன்று.

எனவே பரிசோதனை நியாயமானதே. ஆயின் அந்நியாயம் எங்கே முடிவடைகிறது என்பதும் ஆராயப்படல் வேண்டும். நோயைக் கண்டறிதல் ஒன்று. கண்டறிந்த பின்னர் என்செய்வது என்பது பிறிதொன்று. காசநோய் மருந்தினால் தீரும் நோயாகும். பொதுவாக ஆறு திங்கள் முறையாக மருந்துண்பவர் குணமடைகின்றனர். மலேரியாவும் மருந்தினால் தீர்வதே. அவ்வாறிருக்கக் கண்டறிந்த நோயாளரைக் கதவடைத்துத் திருப்பியனுப்புதலே பரிசோதனையின் பயனாயின், அடுத்து வருபவர் தம் நோயை மறைக்கக் கற்றுக்கொள்வார். மறைக்கப்பட்ட நோயே பரவும் நோயாகும். இங்ஙனம் அச்சத்தினாற் பிறந்த விதி, தான் அஞ்சிய தீங்கைத் தானே விளைவிக்கிறது. கண்டறிதலுக்கும் பேணுதலுக்கும் இடையே உள்ள பிணைப்பு அறாதவிடத்தே பரிசோதனை காவலாக அமையும். அப்பிணைப்பு அறுந்தவிடத்து அது வெறும் ஐயுறவாகிவிடும். ஆதலின் நிபந்தனைக்கு அடிப்படை உரிமையே. பேணும் கடமையை ஏற்றுக்கொண்டவர்க்கே பரிசோதிக்கும் தகுதி உண்டு.

மேலைநாட்டு மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற், 1795ஆம் ஆண்டு வெளியிட்ட நிலையான அமைதி பற்றிய நூலில், அயலான் ஒருவன் மற்றவர் நிலத்தை அடையும்போது பகைவனாக நடத்தப்படாதிருக்கும் உரிமையை ஆராய்கிறார். அது ஈகையின்பாற்பட்டதன்று, உரிமையின்பாற்பட்டது என்பது அவர் கருத்து. வந்தவனை ஏற்க மறுத்தல் கூடும். ஆயின் அம்மறுப்பு அவனது அழிவுக்கு ஏதுவாகாதவிடத்தே கூடும் என அவர் வரையறை செய்கிறார். வந்து செல்லும் அயலானுக்கே இத்துணை உரிமை உண்டெனின், பல்கலைக்கழகம் தானே அழைத்து, அனுமதிக் கடிதமும் அளித்து, மூன்று நான்கு ஆண்டுகள் தன்னகத்தே வாழச்செய்யும் மாணவர்க்கு எத்துணை உரிமை உண்டென்பது சொல்லாமலே விளங்கும்.

ஈண்டு ஒரு மறுப்பு எழுதல் கூடும். வன்னி மாவட்டங்களின் வைத்தியசாலைகள் தம் மக்களின் தேவையையே நிறைவுசெய்ய இடர்ப்படுகின்றன. உள்ளூர் வேளாளர் சிறப்பு வைத்தியரைக் காண யாழ்ப்பாணத்துக்கோ அநுராதபுரத்துக்கோ செல்லவேண்டி வருவதுண்டு. அவ்வாறிருக்க வேற்றுநாட்டு மாணவர்க்கெனத் தனிக்கவனம் செலுத்துதல் சொந்த மக்களுக்குச் செய்யும் அநீதியன்றோ? இம்மறுப்பு இலேசானதன்று. 1951ஆம் ஆண்டு முதல் அரச வைத்தியசாலைகளில் கட்டணமின்றி வைத்தியம் வழங்கும் கொள்கையை உடைய இந்நாட்டின் மக்கள், தம் வரிப்பணத்தால் அதனைத் தாங்கிவந்துள்ளனர். ஆதலின் அயல்நாட்டு மாணவரிடம் காப்புறுதி கோருதல் முறையானதே. ஆயின் வாங்கிய பணத்துக்கு ஈடான பேணுதல் கிடைத்தல் வேண்டும். எங்குச் சென்று, யாரிடம், எவ்வாறு அதனைப் பெறலாம் என்பதும் அவர்க்கு உணர்த்தப்படல் வேண்டும். மேலும், பல்கலைக்கழகச் சுகாதார நிலையம் செவ்வனே இயங்குமாயின் மாவட்ட வைத்தியசாலையின் சுமை குறையுமேயன்றிக் கூடாது. சிறு காய்ச்சலைத் தொடக்கத்திலே கண்டவிடத்துப் பெருநோய் தவிர்க்கப்படுகிறது. அயலாரைப் பேணுதலும் ஊராரைப் பேணுதலும் ஈண்டு முரணாகா.

இன்னுமொன்று நோக்கற்பாலது. ‘நீர் என்ன நோயைக் கொண்டுவந்தீர்?’ என வருபவரைக் கேட்கும் நிலம், ‘எம்மிடம் என்ன நோய் உண்டு’ என்பதை அவர்க்குச் சொல்லுதல் அரிதாகவே உள்ளது. வன்னியில் மாரி காலத்தே வயற்சேற்றிலும் தேங்கிய நீரிலும் எலிக்காய்ச்சல் தொற்றுகிறது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் யாழ்ப்பாணப் பகுதியில் அந்நோய் உயிர்களைக் கொண்டபோது, அது இன்ன காய்ச்சலென உறுதியாகும்வரை மக்கள் மருண்டனர். டெங்குக் காய்ச்சலும் உண்டு. இரவிலே செருப்பின்றி, விளக்கின்றி நடப்போர்க்குக் கண்ணாடி விரியன் காத்திருக்கிறது. வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளிற் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் மக்களை வாட்டுகிறது. கிணற்றுநீர் பற்றிய ஐயம் அதனோடு இணைந்துள்ளது. ஊரில் பிறந்த பிள்ளை இவற்றைத் தாயின் வாய்மொழியாகவே அறியும். காய்ச்சல் கண்டவுடன் எந்த மாத்திரையை உண்ணலாகாது, எந்தக் கிணற்றில் நீர் அள்ளலாம், எந்த வரம்பிற் கால்வைக்கலாகாது என்பன அதற்குப் பாடமாகச் சொல்லப்படுவதில்லை, வளர்ப்பிலே படிந்துவிடுகின்றன. அயலூரிலிருந்து வந்தவர்க்கு அத்தாய் இல்லை. அவ்விடத்தை நிரப்புதல் பல்கலைக்கழகத்தின் கடனாகும். கேட்பதற்கு உரிமையுடையவர் சொல்வதற்குக் கடமையுடையவர் என்பது பொதுநீதி.

தமிழ் மரபிலே இக்கடனை விளக்கும் கருத்தொன்று உளது. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை நிறைவுசெய்யுமிடத்து, மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறார். நோயுற்றவன், அதனைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அவையாம். மருத்துவனுக்கும் மருந்துக்கும் இணையாகப் பேணுபவனையும் வைத்தமை ஆழ்ந்த சிந்தனைக்குரியது. உரையாசிரியர் பரிமேலழகர் இந்நான்கனையும் தனித்தனியே நந்நான்காகப் பகுத்து விளக்குகிறார். நோயுற்றவனுக்கு வேண்டியவற்றுள் பொருளுடைமையை அவர் ஒன்றாக வைக்கிறார். நோயின் நிலையை எடுத்துணர்த்தும் ஆற்றலைப் பிறிதொன்றாக வைக்கிறார். முன்னையது இன்றைய காப்புறுதிக்கு ஒப்பாகும். அதனைப் பற்றியே படிவங்கள் பேசுகின்றன. பின்னையதைப் பற்றியோ அவை பேசுவதில்லை.

நோவைச் சொல்லுதற்கு மொழி வேண்டும். மொழிகளுள்ளும் தாய்மொழியே வேண்டும். நெஞ்சுக் குத்தும் நெஞ்செரிவும், விறைப்பும் உளைவும், தலைச்சுற்றும் தலையிடியும் வெவ்வேறானவை. விரிவுரையை ஆங்கிலத்திலே கேட்டு விளங்கிக்கொள்ளும் மாணவர், நள்ளிரவில் வயிற்றுநோவினால் துடிக்குமிடத்து அம்மொழியைத் துணைக்கொள்ளமாட்டார். காலியிலிருந்து கிளிநொச்சிக்கு வந்த மாணவி தாதியிடம் கைகளாற் காட்டி நிற்பதும், முல்லைத்தீவுத் தாய் தென்னிலங்கையிலிருந்து நியமனம் பெற்று வந்த இளம் வைத்தியரிடம் சொல்லவியலாது நிற்பதும் ஒரே துன்பத்தின் இரு முகங்களாம். இலண்டனிற் பயிலும் வன்னி மாணவரும் அத்துன்பத்தையே அனுபவிக்கிறார். தன் மொழியில் நோவைச் சொல்ல இயலாத துன்பத்தை அறிந்த சமூகம், பிறர் அத்துன்பம் அடையாதவாறு காத்தற்கு ஏனையோரினும் கடமைப்பட்டது எனலாம்.

இனி நான்காவது கூறாகிய பேணுபவனை நோக்குவோம். நோயாளன்மீது அன்புடைமையே பரிமேலழகர் அவனுக்கு வகுக்கும் முதற்பண்பு. வீட்டிலே காய்ச்சல் கண்டால் கஞ்சி வைத்துக்கொடுக்க ஒருவர் இருப்பர்; வைத்தியசாலையில் வார்டின் வாயிலிலே காத்திருக்க ஒருவர் இருப்பர்; மருந்தின் வேளையை நினைவூட்ட ஒருவர் இருப்பர். விடுதியறையிலே தனித்துக் கிடக்கும் புதுமுக மாணவர்க்கு வைத்தியர் உண்டு, மருந்தும் உண்டு, பேணுபவரே இலர். பல நோய்கள் முற்றுவது மருந்தின்மையாலன்று, கவனிப்பாரின்மையாலேயாம். ஊர்நினைவும் தனிமையும் விளைவிக்கும் மனநோவு இன்னும் மறைவானது. அதனைக் கண்டறியும் கதிர்ப்படம் எதுவுமில்லை. அருகிருந்து முகத்தைப் பார்ப்பவரே அதனைக் காண்பர்.

பல்கலைக்கழகத்திலே பேணுபவராக அமையத்தக்கவர் யார்? முதிய மாணவரே என்பதில் ஐயமில்லை. ஆயின் நம் பல்கலைக்கழகங்களின் வரலாறு ஈண்டு நாணத்தக்க செய்தியொன்றைச் சொல்கிறது. 1997ஆம் ஆண்டில் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்துப் புதுமுக மாணவர் ஒருவர், பகிடிவதையிலே கடும் உடற்பயிற்சிக்கு வற்புறுத்தப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார். அவர் தமிழர், அவரை வதைத்தோரும் தமிழ் மாணவரே. அடுத்த ஆண்டிலே பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. பேணவேண்டியவரே நோயாக மாறியவிடத்து எந்தப் பரிசோதனை எவரைக் காக்கும்? வாயிலிலே புதியவரின் குருதியைச் சோதித்து உள்ளே அனுமதித்து, உள்ளே சென்ற பின் அவரது உடலைக் கொடியோர் கையில் ஒப்படைக்கும் நிறுவனம், உடல்நலம் பற்றிப் பேசும் தகுதியை இழந்துவிடுகிறது. சட்டம் வதையைத் தடுக்கலாம்; பேணுதலைப் பிறப்பிக்கமாட்டாது. அதனைப் பிறப்பிப்பது மாணவரின் உள்ளமே.

வன்னி மக்கள் இவ்வுண்மையை நூல்வழி கற்கவேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் போர்க்களத்தினின்றும் வெளியேறி, பெரும்பாலோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் முட்கம்பி வேலிக்குள் வைக்கப்பட்டனர். வெளியே செல்லும் உரிமையின்றிப் பல திங்கள் அங்கு வாழ்ந்தனர். அம்முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. பெயர் பதியப்பட்டு, எண் இடப்பட்டு, வரிசையில் நிறுத்தப்பட்டவர்கள் பதிவு செய்யப்படுதலும் பேணப்படுதலும் ஒன்றல்ல என்பதை அங்கே கற்றனர். அப்பிள்ளைகளே இன்று அறிவியல் நகரிலும் பம்பைமடுவிலும் முதிய மாணவராக நிற்கின்றனர்; அவருட் சிலர் கடல்கடந்த பல்கலைக்கழகங்களில் புதுமுக மாணவராக நிற்கின்றனர். துன்பம் மாந்தரைக் கடினமாக்கவும் கூடும், கனிவிக்கவும் கூடும். எது நிகழும் என்பது அவர் தாம் பட்டதைப் பிறர்க்குச் செய்யும் உரிமையாகக் கொள்கின்றனரா, பிறர் படாது காக்கும் கடமையாகக் கொள்கின்றனரா என்பதைப் பொறுத்ததாகும்.

2013ஆம் ஆண்டில் வெளியான இலங்கையின் தேசிய புலம்பெயர்வுச் சுகாதாரக் கொள்கை, நாட்டிலிருந்து செல்வோர், நாட்டுக்கு வருவோர், நாட்டினுள் இடம்மாறுவோர், செல்வோர் விட்டுச்செல்லும் குடும்பத்தினர் ஆகிய அனைவரையும் ஒருங்கே கருத்திற்கொண்டது. கருத்தளவிலே இது சிறந்ததாகும். அதனை நடைமுறையிற் காண்பதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. புதியவர் வந்திறங்கும் முதல் நாளிலே அந்நிலத்தின் நோய்களையும் நீரையும் பாம்பையும் பற்றி அவரறிந்த மொழியில் எழுதிய தாளொன்று. நள்ளிரவிலும் உடன்வரத்தக்க முதிய மாணவர் ஒருவரின் துணை. வைத்தியசாலையில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர். பரிசோதனையின் முடிவு வைத்தியரையும் நோயாளரையும் அன்றிப் பிறரை அடையாது என்னும் உறுதி. நோய் காணப்பட்டவிடத்துக் கல்வி பறிபோகாது என்னும் வாக்கு. இவ்வைந்தும் அமைந்தவிடத்துச் சுகாதாரச் சான்றிதழ் கோருதல் எவரையும் புண்படுத்தாது.

தொடக்கத்திலே எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். உடல்நலம் நிபந்தனையாக இருத்தல் கூடும். ஆயின் அது உரிமையிலிருந்து பிறந்த நிபந்தனையாகவே இருத்தல் வேண்டும். மருத்துவனையும் மருந்தையும் அரசு தரும். பொருளைக் காப்புறுதி தரும். நான்காவது கூறினை மட்டும் எந்த அரசும் எந்தக் காப்புறுதியும் தரமாட்டா. அது பக்கத்து அறைக் கதவைத் தட்டி, ‘காய்ச்சல் எப்படி?’ எனக் கேட்கும் ஒருவரிடமே உள்ளது.